புதிய தொழிலாளர் சட்டங்கள்: வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடம் சம்பளப் பட்டியல் போட்டேன். 2025 நவம்பர் 21-ஆம் தேதி மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, டீக்கடையில் நின்றாலும் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் சம்பளச் சீட்டில் எந்த வரியில் யாருக்கு நஷ்டம் என்று பார்த்த உடனே சொல்ல முடியும்.

உண்மையில் என்ன மாறியிருக்கிறது? பழைய சட்டமெல்லாம் போய்விட்டதா?

மத்திய அரசின் 29 சட்டங்களை ஒன்றாக்கி நான்காகச் சுருக்கியிருக்கிறார்கள். ஊதியத்துக்கு ஒன்று (2019), தொழில் உறவுக்கு ஒன்று, சமூகப் பாதுகாப்புக்கு ஒன்று, பணியிடப் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஒன்று (மூன்றும் 2020). நாடாளுமன்றத்தில் எப்போதோ நிறைவேறியவைதான், ஐந்தாறு வருடம் கிடப்பில் இருந்துவிட்டு இப்போது நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இடைக்காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்றும் அரசு சொல்லியிருக்கிறது. அதனால் "புது ரூல்ஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று முதலாளி தள்ளிப்போட இடமில்லை. ஒன்று புதுசு பொருந்தும், இல்லை பழசு பொருந்தும். நடுவில் சட்டமே இல்லாத காலம் என்று எதுவும் கிடையாது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். ரத்தான 29-ம் மத்தியச் சட்டங்கள். தமிழ்நாட்டின் சொந்தச் சட்டங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 1947-ஆம் வருடத்து கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. மே 1 உட்பட நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் சம்பளத்தோடு தரச் சொல்லும் 1958-ஆம் வருடத்துச் சட்டமும் இருக்கிறது.

பணிநியமனக் கடிதம் கேட்டால் "எங்க கம்பெனில அப்படி வழக்கம் இல்லை" என்கிறார்கள். என்ன செய்வது?

எல்லாக் கேள்வியிலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், சேரும்போதே ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்று பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. ஏற்கெனவே கடிதமில்லாமல் வேலை பார்ப்பவர்களுக்கு, சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இனி இது முதலாளி பார்த்துச் செய்கிற உபகாரம் கிடையாது.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சம்பள பாக்கி என்று வந்து நின்ற எத்தனையோ பேரிடம் "நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். எட்டு வருடம் லேத் ஓட்டியவர், கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. இஎஸ்ஐ கார்டு இருந்ததால் ஒருவர் தப்பித்தார். இன்னொருவர் தீபாவளிக்கு கம்பெனி கொடுத்த ஸ்வீட் பாக்ஸ் போட்டோவைக் கொண்டுவந்தார். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, கேட்டது பதிவாகிவிடும். வரும்வரை வருகைப் பதிவு, வங்கியில் சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி, மேலாளர் ஷிப்ட் மாற்றி அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கையில் வரும் சம்பளம் குறையும் என்கிறார்களே?

சிலருக்குக் குறையும், பலருக்குக் குறையாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இத்தனை காலம் பல கம்பெனிகள் அடிப்படைச் சம்பளத்தை வேண்டுமென்றே சின்னதாக வைத்து, மிச்சத்தை வீட்டு வாடகைப் படி, பயணப் படி, சிறப்புப் படி என்று பிரித்துப் போட்டுவந்தன. பிஎஃப், பணிக்கொடை (கிராஜுவிட்டி) எல்லாம் அடிப்படையை வைத்துக் கணக்கிடுவதால், அடிப்படை சிறுத்தால் கம்பெனிக்குச் செலவும் சிறுக்கும். புதுத் தொகுப்பில் இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள்: இப்படி விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போன தொகை "ஊதியம்" என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

உங்களுக்கு மாதம் 30,000 ரூபாய், அதில் அடிப்படை 10,000, படிகள் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்பது 15,000. படிகள் அதைவிட 5,000 அதிகம். ஆகவே உங்கள் ஊதியம் இனி 15,000 என்று கணக்கு. பிஎஃப் 12 சதவீதம், 1,200-லிருந்து 1,800 ஆகும். கையில் 600 ரூபாய் குறையும், அது உங்கள் கணக்கில்தான் போய்ச் சேரும். கம்பெனியும் தன் பங்காக இன்னொரு 600 போட வேண்டும். ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பினால் பணிக்கொடை 34,615-க்குப் பதில் 51,923 ரூபாய்.

ஏற்கெனவே 15,000 என்ற உச்சவரம்பை வைத்து பிஎஃப் பிடிக்கிறவர்களுக்கு கையில் வருவது மாறாது என்று தொழிலாளர் அமைச்சகமே விளக்கம் கொடுத்திருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கம்பெனி தன் பங்கு 600-ஐயும் உங்கள் மொத்தச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கப் பார்க்கலாம். பழைய சம்பளச் சீட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். எந்தப் படி காணாமல் போயிருக்கிறது என்று கேளுங்கள்.

வேலையை விட்டு மூன்று மாதமாகியும் செட்டில்மென்ட் வரவில்லை. இது சரியா?

சரியில்லை. நின்றாலும், நிறுத்தினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், நிறுவனத்தை மூடினாலும், சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்பின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. முன்பு 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பொருந்தாது. இப்போது அந்த வரம்பு இல்லை. ஐடி கம்பெனி மேலாளருக்கும் இது பொருந்தும். பணிக்கொடைக்கு மட்டும் 30 நாள் அவகாசம் உண்டு.

இரண்டே நாளில் எல்லாக் கம்பெனியும் கொடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் "45 நாள் எங்கள் பாலிசி" என்று மனிதவளத் துறையிலிருந்து மெயில் வந்தால், பாலிசி சட்டத்துக்கு மேல் நிற்க முடியாது என்று பதில் எழுதலாம். அந்தப் பதிலை மரியாதையாக எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டா?

குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு கம்பெனி நேரடியாக எடுத்தவர்களுக்கு உண்டு. ஒரு வருடம் முடிந்தால் விகிதப்படி கிடைக்கும். நிரந்தர ஊழியருக்கு இன்னமும் ஐந்து வருடம்தான். யூடியூபில் "எல்லோருக்கும் ஒரு வருடம்" என்று போடுகிறார்கள், அது தப்பு.

இந்தக் காலவரை நியமனத்தில் நல்லதும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு என்ன சம்பளமோ சலுகையோ அதையே இவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது நல்லது. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்குறைப்பு இழப்பீடு எதுவும் இல்லாமல் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது பயம். பதினோரு மாதம், பதினோரு மாதம் என்று புதுப்பித்துக்கொண்டே போகிற கம்பெனி, ஒரு வருடம் முடியவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்று அர்த்தம். கையெழுத்துப் போடும் முன் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் எண்ணிப் பாருங்கள்.

"நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, அனுபவச் சான்றிதழ் நல்லா தர்றோம்" என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?

அந்த அறையில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவ்வளவுதான் என் முதல் பதில். "வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள்.

காரணம் இதுதான். நீங்களாக ராஜினாமா செய்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. அவர்கள் நீக்கினால், ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், அதன்மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். புதிதாக மறுதிறன் நிதி ஒன்றும் வந்திருக்கிறது. அதில் ஆட்குறைப்புக்கு ஆளானவரின் 15 நாள் சம்பளத்தை முதலாளி போட வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். ஒரே ஒரு கையெழுத்தில் இவ்வளவும் போய்விடும்.

மனம் வெந்து சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. முன்பு 100 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்யவோ மூடவோ அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். இப்போது அது 300 ஆகிவிட்டது. நிலையாணைகளுக்கும், அதாவது தொழிற்சாலையின் எழுத்துப்பூர்வப் பணி விதிகளுக்கும், அதே 300. கோவை, திருப்பூர், ஓசூர் பக்கம் எத்தனை பட்டறைகளில், மில்களில் 300 பேர் இருக்கிறார்கள்? நூற்றைம்பது பேர் உள்ள இடத்தில் வேலை பார்த்த என் போன்றவர்களுக்கு இருந்த ஒரு தடுப்புச் சுவரை இடித்துவிட்டார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

நீக்கியது தவறு என்று வழக்காட முதலில் சமரச அலுவலரிடம் போக வேண்டும். 45 நாளில் முடிவு வராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு நேரடியாகப் போகலாம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு, முன்பு இது மூன்றாக இருந்தது. "பார்க்கலாம், கூப்பிடுவார்கள்" என்று காத்திருந்து கெடுவை விட்டவர்களை நான் அறிவேன்.

பன்னிரண்டு மணி நேர வேலை வந்துவிட்டதா?

தொகுப்பில் எழுதியிருப்பது நாளுக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டிப்புச் சம்பளம் வேண்டும். அமைச்சகம் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புக்குள் நேரத்தை மாற்றியமைக்கலாம் என்று பேசுவதால்தான் இந்தப் பயம்.

தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளுக்கு வேலைநேர விதிகளில் விலக்கு தர வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, சங்கங்கள் எல்லாம் எழுந்தன. சில நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923-இல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தை சிங்காரவேலர் கொண்டாடிய ஊர் சென்னை. சரியாக நூறு வருடம் கழித்து அதே ஊரில் எட்டு மணி நேரத்துக்காக மறுபடி குரல் எழுப்ப வேண்டியிருந்தது. கேட்டதால்தான் அது நின்றது.

கூடுதல் நேர வேலைக்கான ஓ.டி. பணத்தைக் கணக்கில் காட்டாமல் கவரில் தருகிறார்கள். வாங்கலாமா?

பணத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். தேதியும் மணிநேரமும் ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். ஒற்றைச் சம்பளமா இரட்டைச் சம்பளமா என்று பின்னால் கேட்க அது உதவும்.

லேட்டாக வந்தால் 500 ரூபாய் அபராதம் போடுகிறார்களே?

எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 வாங்குகிறவருக்கு மொத்த மாதத்துக்கே 360 ரூபாய்தான் உச்சம்.

கடையில் உட்கார விடமாட்டேன் என்கிறார்கள். உட்காருவது உரிமையா?

ஆமாம், உரிமைதான். 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் இதை 2018-இலேயே செய்தது.

என் அக்கா ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தாள். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வாளியில் கால்களை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். இந்தச் சட்டம் வந்த நாளில் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, "ஸ்டூல் போட்டிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். சில கடைகளில் போட்டிருக்கிறார்கள், நானே பார்த்தேன். சில கடைகளில் அந்த ஸ்டூலின் மேல் துணிக்கட்டு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு உட்காருங்கள், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

உணவு டெலிவரி ஓட்டுகிறேன். நான் தொழிலாளியா இல்லையா?

சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் உங்களுக்கு முதன்முறையாக ஒரு பெயர் கிடைத்திருக்கிறது: கிக் தொழிலாளி, தளம்சார் தொழிலாளி. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை உங்களுக்கான நிதியில் போட வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் அதற்கு உச்சவரம்பு. மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் ஆதாரோடு பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், செயலியில் உங்கள் கணக்கை முடக்கினால் முறையிட ஒரு இடம், இவை எதுவும் இந்தத் தொகுப்பில் இல்லை. மழையில் வண்டி ஓட்டுகிற பையனுக்கு இன்றைக்குத் தேவை அதுதான். ராஜஸ்தான் 2023-இலும் கர்நாடகம் 2025-இலும் தனிச் சட்டமே போட்டன. தமிழ்நாட்டில் 2023-இல் தனி நலவாரியம் அமைந்தது, 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள், சென்னையில் மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. வாரியத்தில் பதிந்தால்தான் அந்த மானியம் கிடைக்கும். தமிழ்நாடும் தனிச் சட்டம் போட வேண்டும் என்பது என் ஆசை.

கர்ப்பமாக இருப்பதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வார விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. இரண்டு குழந்தை ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். அந்த விடுப்புக் காலத்தில் நீக்குவது சட்டவிரோதம். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். மூன்றாவது பிரசவத்துக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இரவு ஷிப்டுக்கும் இதே போலத்தான். மாலை 7-க்குப் பிறகும் காலை 6-க்கு முன்பும் பெண்களை வேலை வாங்க அவர்களின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். சேரும்போது கொடுத்த கத்தைக் காகிதத்தில் அந்தச் சம்மதமும் ஒளிந்திருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுக்க கமிட்டியே இல்லை என்கிறார்கள்.

பத்து பேர் இருந்தால் உள்புகார்க் குழு கட்டாயம், 2013-ஆம் வருடத்துச் சட்டம். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு வைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைவான இடமோ, முதலாளியே தொல்லை தருகிறவரோ என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கும் அதுதான் வழி. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம்.

இனிமேல் ஸ்டிரைக் செய்யவே முடியாதா?

முடியும், ஆனால் கடினமாக்கியிருக்கிறார்கள். எந்தத் தொழிலாக இருந்தாலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாகக் கருதப்படும். சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்ய முடியாது.

2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் தொடங்கிய போராட்டம் 37 நாள் நடந்தது. முக்கியக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். புதிய தொகுப்பில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கம் பேச்சுவார்த்தைக்கான ஒரே சங்கமாகிறது, நிர்வாகம் அதோடு பேசியாக வேண்டும். உறுப்பினர் சேர்க்கையைக் காகிதத்தில் ஒழுங்காக வைத்திருக்கிற சங்கத்துக்கு இது பலம். 1918-இல் பின்னி மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தபோது இப்படி ஒரு சட்டப் பாதுகாப்புகூட இருக்கவில்லை.

சரி, எங்கே போய்ப் புகார் கொடுப்பது? வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

சம்பள பாக்கிக்கு உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். சென்னையில் தொழிலாளர் ஆணையரகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. மூன்று வருடத்துக்குள் கோரலாம், பாக்கித் தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் உண்டு. பிஎஃப் கட்டவில்லை என்றால் உமாங் செயலியில் பாஸ்புக்கைப் பாருங்கள், எந்த மாதம் காலி என்று குறித்துக்கொண்டு பிஎஃப் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

வக்கீலுக்குப் பணம் வேண்டாம். 1987-ஆம் வருடத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது சம்பளச் சீட்டு, வங்கி பாஸ்புக், அடையாள அட்டை, நான் மேலே சொன்ன அந்த நோட்டு, நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.